காலி என்று சொன்னவர்

பூதத்தான் என்ற பெயரை மும்பையில் முழுசாகச் சொன்னவர்கள் ரொம்பக் குறைவு. தாராவிக்கு வெளியே காலெடுத்து வைத்தால் அவன் வெறும் பூத். இந்தியிலும் மராட்டியிலும் பூத் என்றால் பேய் என்பதால் கம்பெனியில் அவனை வைத்து ஓயாத கேலி. எங்கேயாவது லிஃப்ட் நின்றுபோனால், "பூத்தை அனுப்பு, அவனைப் பார்த்தா லிஃப்ட் பயந்து ஓடும்" என்பார்கள். அவனும் சிரித்துக்கொண்டே ஸ்பேனர் பையைத் தூக்குவான். பதினெட்டு வருஷம் அப்படித்தான் போயிற்று. அப்புறம் அவன் பூத் சார் ஆனான். பேய்க்கு சார் போட வைத்தது சங்கம்.

கொடி பிடித்துக் கோஷம் போடுகிற சங்கம் என்று நினைத்துவிட வேண்டாம். இது லிஃப்ட் டெக்னீஷியன்களின் தொழில்முறைச் சங்கம். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு செம்பூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூடுவார்கள். புது மெஷின் வந்தால் ஒருவர் விளக்குவார், சட்டம் மாறினால் இன்னொருவர் பேசுவார், டீயும் வடா பாவும் சாப்பிட்டுவிட்டுக் கலைவார்கள். நாற்காலி போடுவதிலிருந்து நோட்டீஸ் அடிப்பது வரை எல்லாமே சம்பளமில்லாத தொண்டு. அதில் பாதுகாப்புக் கமிட்டி என்று ஒன்று உண்டு. அந்தக் கமிட்டிக்கு ஆறு வருஷமாக இழுத்துப்போட்டு வேலை செய்தவன் பூதத்தான்.

அவன் எடுக்கும் வகுப்பில் ஒரு சம்பவம் சொல்வான். வாட்ச்மேன் கேஸ் என்று அதற்குப் பெயரே விழுந்துவிட்டது. ஏழு மாடிக் கட்டடம், ஜூலை மழை, கீழே பள்ளத்தில் ஒரு மெக்கானிக், மேலே இன்னொருவன். மேலே இருப்பவன் பள்ளத்தில் ஆள் உண்டா என்று கேட்கிறான். கீழே நின்ற வாட்ச்மேன் "காலி ஹை" என்று சொல்லிவிடுகிறான். லிஃப்ட் இறங்குகிறது. "தொழில் தெரியாதவன் வார்த்தையை நம்பாதே, உன் கண்ணால் பார்" என்று இந்தியில் சொல்லி முடிப்பான். எண்பது ஆண்கள் உட்கார்ந்திருக்கும் ஹாலில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

மேலே இருந்தவன் தானேதான் என்பதை அவன் மறைத்ததில்லை. அதனால்தான் அந்த வகுப்புக்கு அத்தனை மதிப்பு. அவன் மாற்றிச் சொன்னது ஒரே ஒரு சொல்லை. அந்தச் சின்னப் பொய்யின்மேல் ஏறி நின்றுதான் அவன் உயர்ந்தான்.

நடந்தது இதுதான். இரண்டாயிரத்துப் பதினேழு ஜூலை, செம்பூரில் ஒரு பழைய ஹவுசிங் சொசைட்டி, ஏழு மாடிக் குடியிருப்பு. அந்தக் கட்டடத்து லிஃப்டை பூதத்தானும் இசக்கியும் மாதா மாதம் பார்த்துவந்தார்கள். இருவருக்கும் தாராவி தொண்ணூறடி ரோட்டுப் பக்கம் கல்லி என்கிற ஒரே சந்து, ஒரே கம்பெனி. அடைமழையில் லிஃப்ட் பள்ளத்தில் தண்ணீர் நின்றுவிட்டது. லிஃப்ட் தரைமட்டத்தில் வந்து நிற்கும்போது அதற்கும் அடியில் இருக்கிற குழி அது. மெக்கானிக்குகள் பிட் என்பார்கள். உள்ளே இறங்குகிறவன் அழுத்தி வைக்க வேண்டிய சுவிட்ச் தண்ணீரில் ஊறிச் செத்துக் கிடந்தது. கீழ்க் கதவு திறந்திருந்தால் லிஃப்ட் ஓடாமல் இருக்க ஒரு பூட்டு உண்டு. வேலைக்கு வசதியாக அதையும் ஒரு கம்பித் துண்டு போட்டு ஏமாற்றி வைத்திருந்தார்கள். செய்யக் கூடாத வேலை, எல்லோரும் செய்கிற வேலை. மூன்றாவது ஆள் அன்றைக்கு லீவு. அவனுக்குப் பதில் கீழ்க் கதவருகே நிற்கச் சொல்லி சொசைட்டி வாட்ச்மேன் நாம்தேவைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

நாம்தேவ் கொங்கணத்துக்காரர், அறுபதை நெருங்கியவர், தேவ்நாரில் வீடு. பூதத்தானிடம் அவருக்குப் பிரியம் அதிகம். காரணம் மராட்டி. பூதத்தான் ஏழாவது வரை முனிசிபல் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு, அதற்குமேல் அங்கே தமிழ் வகுப்பு இல்லாததால் பத்தாவது வரை மராட்டியில் படித்தவன். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான், மராட்டி அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மழை, கிரிக்கெட், நாம்தேவ் மகளின் படிப்பு என்று இருவரும் பேசியதெல்லாம் மராட்டியில்தான்.

இசக்கி பிட்டுக்குள் இறங்கினான். பூதத்தான் மொட்டைமாடி மெஷின் ரூமில் இருந்தான். சொசைட்டி செகரட்டரி அவன் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, நாலாம் மாடி அம்மாவை டயாலிசிஸுக்குக் கொண்டுபோக வேண்டும், எப்போது ஓடும், எப்போது ஓடும் என்று அரித்துக்கொண்டிருந்தார். போனில் சிக்னல் இல்லை. கயிறு இறங்குகிற ஓட்டை வழியாகக் குனிந்து, அவர்கள் வழக்கப்படி ஒரே சொல்லாகக் கத்தினான்.

"பிட்?"

ஏழு மாடி தாண்டி நாம்தேவின் குரல் வந்தது. "காலி ஆஹே."

தமிழில் காலி என்றால் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். இந்தியிலும் அதேதான். மராட்டியில் காலி என்றால் கீழே. பஸ் கண்டக்டர் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற சொல் அது. காலி ஆஹே என்றால் கீழே இருக்கிறான்.

பூதத்தான் லிஃப்டை இறக்கினான்.

மராட்டி தெரியாமல் செய்த தப்பு என்றால் மனசு ஆறியிருக்கும். தெரிந்தவன்தான். பின்னால் ஒருவர் அரித்துக்கொண்டிருந்த அந்த நொடியில் தனக்குத் தோதான அர்த்தத்தை எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான். பட்டனிலிருந்து விரலை எடுப்பதற்குள் அவனுக்கு உறைத்துவிட்டது. இந்தியாக இருந்தால் ஹை என்றல்லவா முடியும், இது ஆஹே என்று முடிந்ததே என்று நினைக்கும்போதே கீழே நாம்தேவ் அலறுவது கேட்டது.

போலீஸ் விபத்து என்று எழுதி முடித்துக்கொண்டது. யார் என்ன சொன்னார்கள் என்று அவர்கள் துருவவில்லை. துருவியது கம்பெனி அதிகாரி. லக்னோவிலிருந்து புதிதாக வந்தவர், மராட்டியில் ஒரு சொல் தெரியாது. மேலேயிருந்து கேட்டபோது என்ன சொன்னாய் என்று நாம்தேவை இந்தியில் கேட்டார். நாம்தேவ் கைகூப்பி நின்றார்.

"காலி போலா, சாஹேப்."

காலி என்று சொன்னேன் ஐயா என்கிறார். நிச்சயமாகக் காலி என்றுதான் சொன்னாயா என்று அதிகாரி திரும்பக் கேட்டார். நிச்சயமாக அதைத்தான் சொன்னேன் என்று நாம்தேவ் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். பள்ளத்தில் யாரும் இல்லை என்று வாட்ச்மேன் தவறான தகவல் தந்தார் என அதிகாரி ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார். தான் உண்மையைச் சொன்னதைத்தான் அந்த மனிதர் அழுது அழுது ஒப்புக்கொண்டார். அதையே குற்றமாக எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

அந்த அறையில் இரண்டு காலிக்கும் வித்தியாசம் தெரிந்தவன் பூதத்தான் ஒருவன்தான். வாட்ச்மேன் அப்படித்தான் சொன்னாரா என்று அதிகாரி அவனையும் கேட்டார். "ஆமா சார்" என்றான். எழுத்துப் பிசகாத உண்மை. கோழைகள் சொல்கிற உண்மை பெரும்பாலும் இந்த மாதிரிதான் இருக்கும்.

மூன்றாம் நாள் துக்கம் கேட்க நாம்தேவ் தாராவிக்கு வந்தார், மகள் வைஷாலியையும் கூட்டிக்கொண்டு. இசக்கியின் மனைவி மாரிசெல்வி அவரைக் கண்டதும் வாசலிலிருந்து இறங்கினாள். வாரித் தூற்ற அந்தக் கல்லியில் மண் ஏது? சாக்கடை ஓரத்துச் சேற்றை இரண்டு கையாலும் அள்ளி அவர் முகத்தில் வீசினாள்.

"ஒரு வார்த்த சரியாச் சொல்லத் தெரியாத நாக்கு அழுவிப் போவும்யா. நீ நல்லாவே இருக்க மாட்ட."

பூதத்தான்தான் அவளைப் பிடித்து உள்ளே கொண்டுபோனான். நாம்தேவ் முகத்தைத் துடைக்காமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். அவன் திரும்பவில்லை.

வேலை நாள்களை எப்படியோ தள்ளிவிட்டான். ஞாயிற்றுக்கிழமைதான் அவனைக் கொன்றது. வீட்டில் இருந்தால், காஜா எடுக்க வாங்கிவந்த சட்டைகளை மடியில் போட்டுக்கொண்டு மாரிசெல்வி எதிர் வாசலில் உட்கார்ந்திருப்பாள். "அண்ணே, சாப்ட்டியளா?" என்று கேட்பாள். அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க ஒரு இடம் வேண்டியிருந்தது. சங்கக் கூட்டத்துக்குப் போனான். சும்மா உட்காராமல் நாற்காலி போட்டான், மைக் வயரைச் சரி செய்தான், எல்லோரும் போன பிறகு டீ கப்புகளைப் பொறுக்கினான். சங்கச் செயலாளர் வேங்கடசுப்ரமணியன் அதைக் கவனித்தார். அவர் மாட்டுங்காக்காரர், பெரிய கட்டடங்களுக்கு லிஃப்ட் ஆலோசகர், அவனைவிட நாலு வயது மூத்தவர்.

"மிஸ்டர் பூத், உங்களுக்கு நடந்ததை நீங்களே வந்து சொல்லுங்கோளேன். நான் சட்டப் புஸ்தகத்தை வாசிச்சா எல்லாரும் தூங்கிடறா. நீங்க சொன்னா உறைக்கும்" என்றார்.

முதல் தடவை சொல்ல எழுந்து நின்றான். கூட்டத்தில் பாதிப் பேர் மராட்டிக்காரர்கள். காலி ஆஹே என்று சொன்னால் அத்தனை பேருக்கும் அந்த இடத்திலேயே புரிந்துவிடும். வாய் தானாகவே "காலி ஹை" என்றது. அதற்கப்புறம் அது ஹையாகவே நிலைத்துவிட்டது.

சங்கத்துக்கு உழைப்பது ஒரு மனிதனை உயர்த்தும் என்று மேடையில் சொல்வதெல்லாம் வெறும் பேச்சில்லை. பூதத்தான் விஷயத்தில் அது அப்படியே நடந்தது. கூட்டக் குறிப்பு எழுதப் போய் ஆங்கிலம் படிந்தது. பத்துப் பேருக்கு முன்னால் வாய் திறக்காதவன் முந்நூறு பேரைக் கட்டிப்போடக் கற்றுக்கொண்டான். எந்தக் கம்பெனியில் என்ன மெஷின், எந்த இன்ஜினீயர் எதில் கில்லாடி என்பதெல்லாம் விரல்நுனிக்கு வந்தது. பாதுகாப்பு விதிகளை நான்கு மொழிகளில் சின்னப் புத்தகமாக அச்சிட்டு சொசைட்டி சொசைட்டியாகக் கொடுத்தார்கள். பின்னட்டையில் ஆங்கிலக் கடிதங்களுக்கு வேங்கடசுப்ரமணியன் பெயர், மராட்டிக் கடிதங்களுக்கு அவன் பெயர். அவன் வகுப்பைக் கேட்ட மேனேஜர் ஒருவர் ஐரோலியில் ஒரு ஐ.டி. பார்க்குக்கு அவனைப் பாதுகாப்பு அதிகாரியாகக் கூப்பிட்டுக்கொண்டார். கிரீஸ் படாத சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, தனி மேஜை. அவன் மனைவி மாலதி அந்தச் சட்டையை அயர்ன் செய்யும்போது யாரையும் பக்கத்தில் விட மாட்டாள். வகுப்பால் உயிர் பிழைத்தவர்களும் உண்டு. பிட்டில் எட்டிப் பார்த்ததால் ஒருத்தன் தப்பித்தான் என்று மீராரோட்டிலிருந்து ஒரு மெக்கானிக் போன் பண்ணி அழுதான். அன்றைக்கு பூதத்தானும் சேர்ந்து அழுதான். எதற்காக அழுகிறோம் என்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை.

அந்தச் சின்னப் புத்தகத்தில் வாட்ச்மேன் கேஸும் இருந்தது. ஆள் பெயர் இல்லை, ஆனால் கட்டடமும் வருஷமும் இருந்தன. அது போதாதா? வாட்ச்மேன் வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் நாம்தேவை வாசலோடு திருப்பி அனுப்பின.

முதல் கடிதம் இரண்டாயிரத்து இருபதில் வந்தது. கோடு போட்ட தாளில் மராட்டி. நாம்தேவ் சொல்ல, மகள் எழுதியது. நான் காலி என்று சொன்னது மராட்டிக் காலி, சாஹேப் அதை இந்திக் காலி என்று எழுதிவிட்டார், எனக்கே அது பிறகுதான் புரிந்தது, கம்பெனியில் உள்ளே விடவில்லை, சங்கம் விசாரித்துப் புத்தகத்தில் திருத்த வேண்டும் என்று ரொம்ப மரியாதையாக எழுதியிருந்தார். பூதத்தான் அதை மூன்று தடவை வாசித்தான். பிறகு கடிதப் பதிவேட்டில் பதில் அனுப்பப்பட்டது என்று எழுதி டிக் போட்டான். பதில் எதுவும் அனுப்பவில்லை. சங்கத்தில் மராட்டிக்காரர்கள் எத்தனையோ பேர் இருந்தாலும், பொறுமையாக உட்கார்ந்து கடிதம் பார்க்கிற வேலையை யாரும் கேட்டு வாங்கவில்லை. அதனால் அவனை மீறி எதுவும் போகாது.

இரண்டாவது கடிதம் ஒன்றரை வருஷம் கழித்து வந்தது. தேவ்நாரில் பழைய சாமான் கடையில் பாட்டில் கழுவுகிறேன், வேலை எதுவானாலும் குறையில்லை என்றிருந்தது. அந்த அம்மா என் முகத்தில் சேற்றை வீசியதை என் மகள் பார்த்தாள், அவளுக்காகவாவது ஒரு வரி எழுதுங்கள் என்றிருந்தது. அதற்கும் டிக் போட்டான். அன்றைக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை, அல்சர் என்று மாலதியிடம் சொன்னான். மனுஷன் இவ்வளவு கேவலமாக நடந்துகொண்டும் மறுநாள் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போக முடிகிறது என்பதுதான் இதில் பயங்கரம்.

போன வருஷம் பிப்ரவரியில் வந்தது மூன்றாவது கடிதம். இது மகளே எழுதியது. அப்பா பத்தொன்பதாம் தேதி போய்விட்டார், இனி அவருக்கு எந்த வேலையும் வேண்டாம், அவர் தப்பாகச் சொல்லவில்லை என்று ஒரே ஒரு வரி தாருங்கள், படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறோம். மொத்தக் கடிதமே அவ்வளவுதான்.

பதிவேட்டைத் திறந்தான். டிக் போட முடியவில்லை. முதல் கடிதம் வந்த அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு மனுஷன் நிமிர்ந்து நடந்திருப்பான். இப்போது சொன்னால் ஐரோலி மேஜை போகும், மாரிசெல்வி போவாள், பூத் சாரும் போவான். சொல்லாவிட்டால் செத்தவன்மேல் அந்தச் சேறு அப்படியே கிடக்கும். பத்து நாள் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தான்.

மார்ச் மாதம் சங்கத்தின் பாதுகாப்பு தினம். வருஷா வருஷம் மாரிசெல்வியை அழைத்து மேடையில் உட்காரவைப்பார்கள். அவள் இரண்டே வரி பேசுவாள், பூதத்தான் அதை இந்தியில் சொல்வான். அந்த வருஷமும் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எங்க வீட்டுக்காரரு ஒருத்தன் தப்பாச் சொன்ன சொல்லால செத்தாவ. நீங்க எல்லாரும் பாத்து வேல செய்யுங்க."

பூதத்தான் அதை இந்தியில் சொல்லவில்லை. மைக்கை வாங்கிக்கொண்டு மேடையின் முனைக்கு வந்தான்.

"ஆறு வருஷமாக உங்களிடம் ஒரு சொல்லை மாற்றிச் சொல்லியிருக்கிறேன்" என்று இந்தியில் ஆரம்பித்தான். "நாம்தேவ் காலி ஹை என்று சொல்லவில்லை. காலி ஆஹே என்று சொன்னார். கீழே ஆள் இருக்கிறான் என்று சரியாகத்தான் சொன்னார். எனக்கு மராட்டி தெரியும். நான்தான் எனக்கு வேண்டியபடி எடுத்துக்கொண்டேன். அவர்மேல் தப்பே இல்லை. போன மாதம் அவர் இறந்துபோனார்."

மராட்டிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பின்வரிசையில் யாரோ எழுந்து நின்றார்கள். வேங்கடசுப்ரமணியன் நாற்பது வருஷம் மும்பையில் குப்பை கொட்டியவர், அவருக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்ததால்தான் அவசரமாக வந்து மைக்கை வாங்கினார். ஏழு மாடி எதிரொலியில் யாருக்குத்தான் காது சரியாகக் கேட்கும், அப்படியிருந்தும் இறந்துபோன ஒரு ஏழை வாட்ச்மேனின் பழியைத் தன் தலையில் ஏற்றுக்கொள்ள எவ்வளவு பெரிய மனசு வேண்டும், இனி நம் புத்தகத்தில் காலி என்ற சொல்லே கூடாது, அதற்கும் மிஸ்டர் பூத்துக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும் என்றார். முன்வரிசையில் கை தட்டினார்கள். பிறகு ஹாலே தட்டியது. பூதத்தான் இல்லை, இல்லை என்று கையை ஆட்டினான். அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

மாரிசெல்வி தட்டவில்லை. அவளுக்குத் தெரிந்த மராட்டி பஸ் மராட்டிதான். காலி என்ற சொல்லுக்கு அது போதும். மேடைக்குப் பின்னால் அவனை நிறுத்தினாள்.

"அப்பமே தெரியுமா?"

"தெரியும்."

"நான் அந்த மனுசன் மொகத்துல சேத்த வீசும்போது?"

"தெரியும், செல்வி."

அவள் அவனை அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். அவன் பையிலிருந்த கடிதத்தை எடுத்துத் தமிழில் வாசித்துக் காட்டினான். மற்ற இரண்டு கடிதங்களைப் பற்றியும் சொன்னான். அவள் எழுந்தாள்.

"அந்தப் பிள்ள கேட்ட காயிதத்த இப்பமே எழுது. எழுதிட்டு என்ன அந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ." அண்ணே என்ற சொல் இல்லை. வாங்க போங்கவும் இல்லை.

சங்கத்து லெட்டர்பேடில் மராட்டியில் எழுதினான். வேங்கடசுப்ரமணியன் பக்கத்தில் வந்து நின்றார்.

"கமிட்டி பார்க்காம இது போகப்படாது. நீங்க என்ன பண்றேள்னு தெரிஞ்சுதான் பண்றேளா? உத்தியோகத்துக்கே உலை வச்சுக்கறேள்."

"தெரிஞ்சுதான் சார்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டான். அவர் சொன்னபடியேதான் நடந்தது. அடுத்த மாதமே ஐரோலியில் அடையாள அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். சங்கத்தில் ஒருவரும் கைதட்டிய பேச்சை எடுக்கவில்லை. ஆனால் அது பின்னால் நடந்தது. அன்றைக்கு மத்தியானம் அவர்கள் இருவரும் செம்பூரிலிருந்து தேவ்நாருக்கு பஸ் ஏறினார்கள். மாரிசெல்வி அவன் பக்கத்து இருக்கையில் உட்காராமல் வழியெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள்.

ஒற்றை அறை வீடு. வைஷாலி கதவைத் திறந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும், கல்லூரி முடித்து ஒரு மருந்துக் கம்பெனியில் கணக்கெழுதுகிறவள். மாரிசெல்வியை உடனே அடையாளம் தெரிந்துகொண்டாள். முகம் இறுகிற்று, ஆனாலும் விலகி வழி விட்டாள். படத்தில் நாம்தேவ் வாட்ச்மேன் தொப்பியோடு இருந்தார். மாரிசெல்வி அதற்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். எழுந்திருக்க நேரமாயிற்று.

பூதத்தான் காகிதத்தை நீட்டினான். வைஷாலி வாங்கி, நின்றபடியே வாசித்தாள். கடைசியில் இருந்த கையெழுத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நீங்கள்தான் பூத்தா?" என்று மராட்டியில் கேட்டாள்.

அவன் தலையாட்டினான். அவள் அழவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. படத்தைப் பார்த்தபடி மராட்டியில் வேகமாக ஏதோ சொன்னாள். பூதத்தான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

மாரிசெல்விக்கு அந்த வேகம் பிடிபடவில்லை. "என்ன சொல்லுதா?" என்று கேட்டாள்.

அவன் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"என்ன சொல்லுதான்னு கேக்கேன்லா?"

பூதத்தான் தமிழில் சொன்னான், ஒரு சொல்லையும் விடாமல். "நான் இங்கிலீசுலயே நல்லா எழுதுவேன், செயலாளருக்கே எழுதட்டுமான்னு மூணு வருசமா அப்பாகிட்ட கேட்டேன். வேண்டாம்னுட்டாரு. மராட்டியில எழுது, அப்பதான் அது பூத் கைக்குப் போவும், அவனுக்கு நம்ம பாசை தெரியும், நான் என்ன சொன்னேன்னு அவனுக்குத் தெரியும், அவன் வருவான்னு சொன்னாரு. சாகுற அன்னைக்கும் பூத் பதில் போட்டானான்னு கேட்டாரு. அப்படிங்கா."

மாரிசெல்வி அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். வைஷாலியின் பக்கமாக நகர்ந்து தரையில் உட்கார்ந்தாள்.